சிவஞானம் அண்ணை வெல்லாத மோதிரம்

போன சனிக்கிழமை லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு எழுபதாவது பிறந்தநாளுக்குப் போய்வந்தேன். அன்றையிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டேன். மட்டன் ரோல்ஸ் மூன்று சாப்பிட்டேன், உங்களிடம் மறைப்பானேன். பிழை அங்கே சுவரில் ஓடவிட்ட படங்களில் இருந்தது.

பிறந்தநாள்காரர் சிவஞானம் அண்ணை. மகன் பிரவீன் கெட்டிக்காரப் பெடியன், தகப்பனின் பழைய படங்களையெல்லாம் தேடிப்பிடித்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் காட்டினான். பள்ளிக்கூட உடுப்போடு ஒன்று, கலியாணப் படம் ஒன்று, பெற்றோல் ஸ்டேஷன் வாசலில் கை கட்டிக்கொண்டு ஒன்று, முதல் வாங்கின காரில் சாய்ந்துகொண்டு ஒன்று. கடைசியாக ஒரு மோதிரம், சுவர் நிறைய. சிவப்புக் கல், அதைச் சுற்றி ஆங்கிலத்தில் 'சாம்பியன்ஸ்' என்று தடித்த எழுத்து, பக்கவாட்டில் 'சிவஞானம்' என்று பெயர். பிரவீன் மைக்கைப் பிடித்து, "எங்கட அப்பா, சொஃப்ட்போல் சாம்பியன்!" என்று கத்தினான். மண்டபம் எழும்பிக் கை தட்டியது. அண்ணை மேடையில் நின்றபடி வலது கையைத் தூக்கி, மோதிர விரலை மட்டும் ஆட்டிக் காட்டினார். என் வாயில் ரோல்ஸ் இருந்தது. இல்லையென்றால் அந்த இடத்திலேயே என் வாயிலிருந்து வேறு ஏதாவது வந்திருக்கும்.

நான் எந்தக் கோயிலிலும் வந்து கற்பூரம் அடித்துச் சொல்லுவேன். அந்த மனிசன் தன் சீவியத்தில் சொஃப்ட்போல் பந்தைத் தொட்டதே இல்லை. அந்த மோதிரம் அவருடைய மனிசி சந்திரா அக்காவுடையது. அவ வென்றது. கேக் வெட்டுமுன்னம் எல்லாருக்கும் கடதாசித் தட்டு எண்ணி வைக்கவேண்டும் என்று, அவ அந்த நேரம் மண்டபத்துக் குசினிக்குள் நின்றா.

உங்களுக்குத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு வெடிக்கும்.

அன்று சாப்பாட்டுக்காரர் பெரிய அலுமினியத் தட்டுகளின் மூடியைத் திறந்தபோது ஒரு ஆவி வந்தது. சோறும் உலோகமும் கலந்த மணம். வேறு யாருக்கும் அது புரியாணி மணம். எனக்கு அது ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையின் மணம். பிளேனில் பறக்கிறவர்களுக்குச் சாப்பாடு கட்டும் இடம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தலையில் வலை, காலில் வெள்ளை பூட்ஸ், கண்ணுக்குள் வெங்காயமும் பிளீச்சும். எங்களுக்குள் பகிடி ஒன்று இருந்தது: நாங்கள் கட்டின சாப்பாடு உலகம் முழுக்கச் சுற்றுது, நாங்கள் மட்டும் எண்பத்தோராம் நம்பர் பஸ்ஸில்தான் போறம்.

ஒரு நீண்ட பெல்ட் ஓடும். அதில் வெறுந்தட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள். ஒருத்தி கரண்டி முள்ளுக் கட்டு, ஒருத்தி பட்டர், ஒருத்தி கேக் துண்டு. நான் சலாட். சந்திரா அக்காவுக்குப் பண், அதாவது பொலித்தீன் சுற்றின சின்ன வட்டப் பண். அவவுடைய இடத்தில் ஒரு பெரிய குளிர்ப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதனால் பண் தள்ளுவண்டி பெல்ட்டுக்கு இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, தள்ளிப் போய்விட்டது. ஒவ்வொரு பண்ணுக்கும் நடந்துபோய் வைத்தால் பெல்ட் காத்திருக்குமோ? அவ நின்ற இடத்திலிருந்தே எறியத் தொடங்கினா. கையைக் கீழாலே வீசி, மெல்லமாக. பண் எழும்பி, கூரையைப் பார்த்து வளைந்து, ஓடிவரும் தட்டின் இடதுபக்க மூலையில் 'பொத்' என்று இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம். தவறினது நான் கண்டதில்லை. சுப்பவைசர் பலமுறை ஏசிப் பார்த்துக் களைத்துவிட்டார்.

அப்போதுதான் கெரி என்று ஒரு புது மனேஜர் வந்தார். கனடாக்காரர். முகமெல்லாம் புள்ளி, பெரிய கை. எங்களோடு கன்ரீனில் இருந்து சாப்பிடுகிற மனேஜர் அவர் ஒருவர்தான். ஒருநாள் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பத்து நிமிஷம் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பயந்துபோனா. "பிள்ளை, வேலையால நிப்பாட்டப் போறான் போலகிடக்கு" என்று என் காதில் சொன்னா. எனக்குத்தான் இங்கிலிஷ் கொஞ்சம் ஓடும் என்று அங்கே பேர். கெரி என்னைக் கூப்பிட்டு, இந்த அம்மா ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்கிறா என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன். அக்கா உடனே, "ஓவர்டைமோ?" என்றா.

"இல்லையக்கா. பந்து எறியவாம்."

"எனக்கென்ன விசரோ?"

விசர் இல்லாமலே அடுத்த ஞாயிறு வந்துவிட்டா. ஏன் வந்தீங்கள் என்று பிறகொருநாள் கேட்டேன். "வீட்டிலை இருந்தாலும் நிண்டபடிதான். இஞ்சை நிண்டால் காத்தாவது படும்" என்றா.

விமானநிலையத்தைச் சுற்றியிருந்த கொம்பனிகள் தங்களுக்குள் நடத்திய போட்டி அது. கார்கோ ஷெட், ஹோட்டல், வாடகைக் கார்க்காரர், நாங்கள். ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி இருக்கவேண்டும் என்பது சட்டம். எங்களிடம் பெடியள் தாராளம், பெண்கள் பஞ்சம். என்னைச் சேர்த்துக்கொண்ட காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை. பந்து பிடிக்கிற கையில் போடவேண்டிய கையுறையை ஒரு மாதம் முழுக்க எறிகிற கையில் போட்டுக்கொண்டு நின்றவள் நான். ஒருவரும் சொல்லவில்லை. பாவம், சொன்னால் நான் வராமல் நின்றுவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். என்னை ரைட் ஃபீல்டில் விட்டார்கள். பந்து வராத திசை அது. அங்கே நின்று பிளேன்களின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் சந்திரா அக்கா நடுவில் நின்றா. கிரிக்கெட்டில் ஓடிவந்து கையைச் சுழற்றிப் போடுவதுபோல இல்லை இது. நின்ற இடத்திலிருந்து கீழாலே எறியவேண்டும். பந்து ஒரு ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி, வளைந்து, அடிக்கிறவரின் காலடியில் கிடக்கும் வெள்ளை ரப்பர் தட்டுக்கு நேரே இறங்கவேண்டும். கெரி பந்தைக் கையில் கொடுத்து அந்தத் தட்டைக் காட்டினார். "உதுவோ?" என்றா அக்கா. "உது ஓடாதே?" அது ஓடாது என்று தெரிந்ததும் அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கோடை முழுக்க அவ எறிந்தா. தாலிக்கொடி ஆடுகிறதென்று ரீ-ஷர்ட்டுக்குள்ளே ஊசியால் குத்திக்கொண்டு எறிந்தா. கழற்றிவைக்கலாமே என்று பஞ்சாபிப் பெண் பல்பீர் கேட்டதற்கு, "நான் கழட்டினால் இந்த ஹவுன்ஸ்லோவிலை என்ரை மாமியார்க்காரி ஒருத்தி மட்டுமோ பார்க்கிறது, ஊரே பார்க்கும்" என்றா. நான் அதை மொழிபெயர்க்கக் கஷ்டப்பட்டேன். பல்பீருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சிவஞானம் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது அவர் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மனிசி விளையாடப் போகக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிற மனிசன் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் பதினொரு மணிக்கு மேசையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதனால் அக்கா விடிய முதல் எழும்பி, இறைச்சி வெட்டி, கறி வைத்து, மா குழைத்து, புட்டவித்து மூடிவைத்துவிட்டு ஒன்பது மணிக்கு மைதானத்துக்கு வருவா. கையில் சரக்குத்தூள் மணக்கும். பந்திலும் மணக்கும். கார்கோ ஷெட் காரன் ஒருவன் பந்தை மணந்து பார்த்துவிட்டு, மத்தியானம் சாப்பாடு எங்கே என்று கேட்டான்.

ஒரு கோடை முழுக்க நடந்த விளையாட்டில் அண்ணை வந்தது ஒரேயொரு நாள். இறுதி ஆட்டத்தன்று. பார்க்க வரவில்லை. பின்னேரம் வடக்கு லண்டனில், எட்மண்டனில் யாரோ வீட்டுக்குப் போகவேண்டும், அக்காவை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். காரை வேலியோரம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்து பேப்பர் பார்த்தார். குளிராம். நாங்கள் அரைக் கை ரீ-ஷர்ட்டோடு நிற்கிறோம், அந்தாளுக்குக் குளிர்.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரேயொரு ஓட்டம் முன்னாலே. இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் வெற்றி எங்களுக்கு. ஆனால் மூன்று பக்கமும் அவர்களுடைய ஆட்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். கார்கோ ஷெட்டின் பெரிய ஆள், அலுமாரி மாதிரி உடம்பு, மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அக்கா பந்தைக் கையில் எடுக்கிறா. அந்த நேரம் பார்த்து வேலியோரத்திலிருந்து 'பாம், பாம்' என்று ஹோர்ன். அண்ணைதான். நேரம் போகுதாம்! நடுவர் திரும்பிப் பார்த்தார். அக்கா திரும்பவில்லை. எறிந்தா.

அவன் அடித்தான். பந்து நேர் மேலே போனது, அக்காவின் தலைக்கு நேரே. நாலு பேர் ஓடிவந்தார்கள். அக்கா அண்ணாந்து பார்த்தபடி, "விடு! விடு! விடுங்கோ!" என்று தமிழில் கத்தினா. கெரி விட்டார், பல்பீர் விட்டாள், எல்லாரும் விட்டார்கள். பந்து இறங்கி அவவுடைய கைக்குள் வந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. கண்ணால் தண்ணி ஓடியது. நாங்கள் சந்தோஷத்தில் அழுகிறா என்று நினைத்து எல்லாரும் மேலே விழுந்து கட்டிப்பிடித்தோம். அவ, "ஊசி, ஊசி, ஐயோ ஊசி" என்கிறா. தாலிக்கொடி குத்தின ஊசி திறந்து நெஞ்சில் ஏறிவிட்டது. ரீ-ஷர்ட்டில் ஒரு பொட்டு ரத்தம்.

இனி மோதிரத்துக்கு வருகிறேன். இதில்தான் என் வண்டவாளமும் இருக்கிறது. கேட்டுவிட்டு என்னை ஏசுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கெரி ஊரில், வென்ற அணிக்கு மோதிரம் போடுவது வழக்கமாம். கோப்பை ஒன்றுதான் வரும், அது அலுவலக அலுமாரிக்குள் போய்விடும். ஆடின ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது இருக்கவேண்டும் என்றார். எனக்கு அந்த நினைப்பு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ஒரு இடத்தில் செய்விக்க ஒரு படிவம் கொண்டுவந்து என்னிடம் தந்தார். நீதான் எல்லார் பேரும் தெரிந்தவள், நிரப்பித் தா என்றார். எனக்குத் தலைகால் தெரியாத புழுகம். படிவத்தில் ஒரு கட்டம்: மோதிரத்தில் பொறிக்கவேண்டிய குடும்பப் பெயர்.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கலியாணம் கட்டாதவளுக்குத் தகப்பன் பேர், கட்டினவளுக்கு மனிசன் பேர். பாஸ்போர்ட்டில் அப்படி, சம்பளச் சீட்டில் அப்படி, டொக்டரிடம் அப்படி. நானும் பேனையை எடுத்து, சம்பளச் சீட்டைப் பார்த்து, அழகான பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். மூளைக்குள் ஒரு மணிகூட அடிக்கவில்லை. சந்திரா என்று நான் எழுதியிருந்தால் கெரி ஏன் என்று கேட்டிருக்கவும் மாட்டார்.

அது காணாதென்று, விரல் அளவுக்கு இன்னொரு கட்டம். ஒருவருக்கும் தங்கள் அளவு தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமோ? எல்லாருக்கும் ஒரே அளவு, பெரிய அளவாகப் போட்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்கும்போது ரெண்டு அளவு கூட வாங்குவோமே, வளருவினம் என்று, அந்தப் பழக்கம். நாற்பது வயது மனிசியின் விரல் இனி எங்கே வளரப்போகுது?

மூன்று மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது. கன்ரீனில் வைத்துக் கெரி ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீல வெல்வெட் டப்பாவைக் கையில் தந்தார். பாரமான மோதிரம். ஒரு பக்கம் மட்டையும் பந்தும், மறுபக்கம் பேர். திறந்து பார்த்த குமார் என்ற பெடியன், "அட, அப்பர் வெண்டிட்டார்!" என்று சிரித்தான். பல்பீருடையதில் 'கவுர்' என்று இருந்தது. அது அவர்களில் பெண்ணுக்கே உரிய பேராம். மனிசனுக்கு அதில் பங்கில்லையாம். அவள் ராசாத்தி.

என்னுடையதைத் திறந்தேன். 'தம்பிராசா' என்று இருந்தது, என் அப்பா. வலைப்பந்துக்குப் பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்குது என்று, பள்ளிக்கூடத்து ரீமிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் என்னை நிற்பாட்டின அதே தம்பிராசா. நான் அன்று ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள். இப்போது லண்டனில், நான் ஆடி வென்ற மோதிரத்தில், அவர் பேர் பளபள என்று மின்னுகிறது. அன்றிரவே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு, "என்ரை பேரைக் காப்பாத்திப் போட்டாய், பிள்ளை" என்றார். நான் போனை வைத்துவிட்டுத் தலையணையைக் குத்தினேன். மோதிரம் இப்போது பொத்தான் டப்பாவுக்குள் கறுத்துப்போய்க் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை.

சந்திரா அக்கா அப்படி டப்பாவுக்குள் போடவில்லை. அவவுக்கு அந்த மோதிரத்தில் ஆசை. விரலில் நில்லாமல் வழுகியது. ஒருநாள் புட்டு மாவுக்குள் விழுந்து தேடி எடுத்தாவாம். பிறகு எங்கள் ஆட்கள் செய்கிறதுபோல உட்பக்கம் சிவப்பு நூலைச் சுற்றி இறுக்கிப் போட்டா. வேலையில் நகை போடவிடமாட்டார்கள், சாப்பாட்டு இடமல்லவா? அதனால் சனி ஞாயிறில் போடுவா. ரெண்டு கிழமையோ மூன்று கிழமையோ போட்டிருப்பா. ஒரு திங்கட்கிழமை பெல்ட்டில் நிற்கும்போது, பண்ணை எறிந்தபடியே சொன்னா:

"மோதிரத்தை அவர் எடுத்திட்டார்."

"எடுத்திட்டாரோ?"

"'என்ரை பேர் கிடக்கிற மோதிரத்தை நீர் போட்டுத் திரியிறீரோ' எண்டு பகிடி விட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டிப்போட்டுத் தன்ரை விரலிலை போட்டுப் பார்த்தார். அளவாய் இருந்தது."

சொல்லிவிட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். என் மடைத்தனத்தை என்ன சொல்ல, அன்று எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது.

பகிடி வளரத் தொடங்கியது. முதலில் ஒரு கலியாண வீட்டில் யாரோ, "என்ன அண்ணை, பெரிய மோதிரம்?" என்று கேட்க, "நாங்கள் ஒரு மட்சிலை வெண்டது" என்றார். நாங்கள்! சரி, குடும்பத்துக்குள் ஒரு நாங்கள் இருக்கட்டும் என்று விட்டேன். ரெண்டு வருஷம் போக, எட்மண்டனில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், "எங்கட கொம்பனி ரீம்" என்றார். எந்தக் கொம்பனி? பெற்றோல் ஸ்டேஷனில் இருந்தது அவரும் ஒரு சிகரெட் அலுமாரியும்தான். பிறகு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு வீடு குடிபூரலில் கதை முழுதாய் முற்றிவிட்டது. இறுதி ஆட்டம், கடைசிப் பந்து, இவர் எறிகிறார், சனம் ஹோர்ன் அடித்து ஆரவாரம் செய்யுது. ஹோர்ன்! நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லுகிறார். அந்த முகத்தில் ஒரு கூச்சம் இருக்கவேண்டுமே? இல்லை. நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. சபையில் ஒரு ஆம்பிளையை நோகடிக்கக்கூடாது என்று எங்களுக்குப் பால் பருக்கும்போதே பருக்கிவிட்டார்களே.

ஆனால் போன சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

கை தட்டி முடிந்ததும் யாரோ, "அங்கிள், எப்பிடி எறிஞ்சனீங்கள் எண்டு காட்டுங்கோவன்" என்று கேட்டார்கள். அண்ணை கோட்டின் பொத்தானைக் கழற்றினார். ரெண்டு அடி ஓடிவந்து, கையைத் தலைக்கு மேலாலே சுழற்றி ஒரு வீசு வீசினார். கிரிக்கெட் போலிங்! மண்டபம் விசில் அடித்தது.

"அண்ணை," என்றேன் நான். எழும்பியே நின்றுவிட்டேன். "சொஃப்ட்போலிலை கீழாலதான் எறியிறது."

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது பொம்பிளையள் எறியிறது, பிள்ளை."

மண்டபம் சிரித்தது. என் காது ரெண்டும் சுட்டது. "அது அக்காவின்ரை மோதிரம் அண்ணை. அக்கா வெண்டது. நான் அதே ரீமிலை நிண்டனான்."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பிரவீன் தகப்பனைப் பார்த்தான். அண்ணை ஆறுதலாக மேடையால் இறங்கி வந்து, என் மூக்குக்கு நேரே கையை நீட்டினார். "இந்தா, நல்லா இங்கிலிஷ் தெரிஞ்ச பிள்ளை நீர். எல்லாருக்கும் கேக்க வாசியும் பாப்பம், ஆரின்ரை பேர் கிடக்குது எண்டு."

எழுதிக் கொடுத்தவளே நான்தான். என்ன வாசிக்க? நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். "பாத்தியளோ!" என்றார் சபையைப் பார்த்து. மறுபடி சிரிப்பு. யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள். மனிசருக்கு வெட்கம் என்ற ஒன்று இருக்கவேண்டாமோ? எழுபது வயது, பேரப்பிள்ளைகள் நிற்கினம், கட்டின மனிசி முப்பது அடி தள்ளிக் குசினிக்குள் நிற்கிறா!

யாரைச் சாட்சிக்குக் கூப்பிட? அந்த மைதானத்துக்கு மேலே இன்று கொரியர் வான்கள் வரிசையாக நிற்கின்றன. நான் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், எந்த இடத்தில் அக்கா நின்றா என்று இப்போது சொல்ல முடியாது. தொழிற்சாலை கைமாறி, பிறகு இடம் மாறி, பெல்ட்டில் நின்றவர்கள் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். கெரி கனடாவுக்குத் திரும்பிப் போனார், விலாசம் வாங்கிவைக்க எனக்குப் புத்தி வரவில்லை. பல்பீர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். குமார் போனமாதம் கண்டபோது, "நாங்கள் வெண்டனாங்களோ அக்கா?" என்று கேட்கிறான், விசரன். கோப்பையையும் யாரும் கண்டதாகச் சொல்லவில்லை. அந்தப் போட்டியே இப்போது இல்லை.

நான் குசினிக்குள் போனேன். சந்திரா அக்கா கேக்கைத் துண்டு துண்டாக வெட்டிக் கடதாசித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தா. தலை நரைத்துவிட்டது. கை மட்டும் அதே கை. ஒரு துண்டும் பெரிசு சிறிசு இல்லை.

"கேட்டுதோ அக்கா?"

"ஓம், கேட்டுது. ஏன் பிள்ளை உனக்குத் தேவையில்லாத வேலை?"

"தேவையில்லாத வேலையோ? நீங்கள் ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? இத்தினை வருஷமாய்!"

"ஆர் சொன்னது சொல்லேல்லை எண்டு?" கத்தியைக் கழுவினா. "தொடக்கத்திலை சொன்னனான். 'என்ரை மனிசிக்கு நல்ல பகிடி' எண்டு சிரிப்பார். சனமும் சேர்ந்து சிரிக்கும். பிள்ளையளுக்குச் சொன்னனான். 'அம்மா, யூ?' எண்டு அதுகளும் சிரிக்கும். பிறகு ஏன் எண்டு விட்டுட்டன்."

அவ கையைத் துடைத்துவிட்டு, கதவைப் பார்த்தா. யாரும் வரவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டா:

"உண்மையைச் சொல்லு. அந்தக் கடைசிப் பந்து, நான்தானே பிடிச்சனான்?"

நான் அவவுடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. அவ உண்மையாகவே கேட்கிறா.

"என்னக்கா கேள்வி இது?"

"இல்லைப் பிள்ளை. அவர் எத்தினை தரம் சொல்லிப்போட்டார், எத்தினை வீட்டிலை. கேட்டுக் கேட்டு இப்ப கண்ணை மூடினால் அவர்தான் அதிலை நிக்கிறார். நான் எங்கை நிண்டனான் எண்டு தெரியேல்லை."

அந்தாளை அந்த இடத்திலேயே பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு போகட்டும், தங்கமுமில்லை, ஒரு சதத்துக்குப் பெறுமதியுமில்லை. ஆனால் இதை எப்படி எடுத்தார்? இதை எடுக்க யார் அவருக்கு உத்தரவு கொடுத்தது?

நான் குசினிக் கதவைச் சாத்தினேன். கேக் காத்திருக்கட்டும் என்று, அக்காவைக் கதிரையில் இருத்திவைத்து, முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். விடியச் சமைத்தது, கறி மணந்த பந்து, அலுமாரி மாதிரி வந்தவன், மேலே போன பந்து, எல்லாரையும் விடச்சொல்லிக் கத்தினது, நெஞ்சில் ஏறின ஊசி, ஒன்றும் விடாமல் சொன்னேன். வெளியே கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா. கண் விரிந்திருந்தது. பந்தைப் பிடித்த இடம் வந்தபோது, 'அட!' என்று வாயில் கையை வைத்தா.

நான் சொல்லி முடித்தேன். அவ தலையை ஆட்டி, "கெட்டிக்காரிதான் என்ன, அவள்?" என்றா.